ஒரே ஒரு கோப்பு: ‘இகிரு’ திரைப்படமும் நம் ஆசிரியர் அறையும்



இந்தப் பகுதியில் வழக்கமாக வகுப்பறைக்கு உதவும் நூல், குறும்படம், பாடல் என ஏதாவது ஒன்றைப் பற்றி எழுதுவோம். இம்முறை எடுத்துக்கொண்ட படம் மாணவர்களுக்கு முன்னால் ஆசிரியர்களுக்கே தேவைப்படும் என்று நினைக்கிறேன். 1952-இல் ஜப்பானில் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம். பெயர் ‘இகிரு’. வாழ்தல் என்று பொருள். இயக்கியவர் அகிரா குரோசாவா. இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும்.

படத்துக்குள் போவதற்கு முன் ஒரு விஷயம். சென்ற ஆண்டு, உடன் பணியாற்றும் ஓர் ஆசிரியை பள்ளி முடிந்து கார் நிறுத்துமிடத்தில் என்னிடம் இப்படிச் சொன்னார்: “சார், காலையில கேட்டுக்குள்ள காரை விடும்போதே அப்படியே திருப்பிக்கிட்டுப் போயிடலாமான்னு இருக்கு. பாடம் நடத்துறது கஷ்டமா இல்ல. மத்ததுதான். ஒரே தகவல நாலு இடத்துல பதியணும், படம் எடுத்து அனுப்பணும், ராத்திரி பத்து மணிக்கும் புலனத்துல செய்தி வருது. வேலைய விடலாம்னா வீட்டுக் கடன் இருக்கு. சில நாள் எதுக்குத்தான் இருக்கோம்னு தோணுது.”

நான் செய்த முதல் தவறு, உடனே அறிவுரை சொன்னது. இரண்டாவது தவறு, “டீச்சர், ‘இகிரு’ன்னு ஒரு படம் இருக்கு, பாருங்க, மனசு மாறிடும்” என்று ஏதோ மருந்துச் சீட்டு எழுதிக் கொடுப்பதுபோல் சொன்னது. இரண்டு வாரம் கழித்து அவர் பதில் சொன்னார்: “பார்த்தேன் சார். நல்ல படம். ஆனா அவருக்கு நோய் வந்ததாலதானே முழிச்சிக்கிட்டாரு? அஞ்சு மாசத்துல எல்லாம் முடிஞ்சிடுச்சு. எனக்கு நோய் இல்லையே. ஓய்வு பெற இன்னும் பதினெட்டு வருஷம் இருக்கே. அதுக்கு இந்தப் படம் என்ன சொல்லுது?”

என்னிடம் அப்போது பதில் இல்லை. வீட்டுக்குப் போய்ப் படத்தை மறுபடியும் பார்த்தேன். அந்தக் கேள்விக்குப் படம் எவ்வளவு தூரம் பதில் சொல்கிறது, எங்கே சொல்லாமல் நழுவுகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை

கான்ஜி வத்தனாபே நகராட்சி அலுவலகத்தில் பொதுமக்கள் பிரிவின் தலைவர். தக்காஷி ஷிமுரா நடித்திருக்கிறார். படத்தின் முதல் காட்சியே ஒரு எக்ஸ்ரே படம்தான். இது நம் கதாநாயகனின் வயிறு, இதில் புற்று இருக்கிறது, அவருக்கு இன்னும் தெரியாது என்று ஒரு குரல் சொல்கிறது. அடுத்து அவரைப் பார்க்கிறோம். மேசையின் இரு பக்கமும் காகிதக் குவியல். ஒன்றை எடுக்கிறார், முத்திரை குத்துகிறார், வைக்கிறார். மீண்டும் ஒன்று. இந்த மனிதர் பல ஆண்டுகளாக வாழவே இல்லை என்று அதே குரல் கூசாமல் சொல்லிவிடுகிறது.

அந்தக் காட்சியில் ஒரு சின்ன விஷயத்தை நான் முதல் முறை கவனிக்கவில்லை. முத்திரையைத் துடைக்கக் காகிதம் தேவைப்படுகிறது. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பழைய கட்டிலிருந்து ஒரு தாளைக் கிழிக்கிறார். அலுவலக வேலையைத் திறம்படச் செய்வது எப்படி என்று என்றோ எழுதப்பட்ட திட்ட அறிக்கை அது. வத்தனாபே பிறக்கும்போதே மரக்கட்டையாகப் பிறக்கவில்லை. அவரிடமும் ஒரு காலத்தில் யோசனை இருந்தது. யாரும் அதைக் கேட்கவில்லை. இன்று அது முத்திரை துடைக்கும் தாள்.

பணியில் சேர்ந்த முதல் ஆண்டு நீங்கள் எழுதி வைத்த திட்டக் குறிப்பேடு இப்போது எங்கே இருக்கிறது? நானும் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

இதற்கிடையே குடியிருப்புப் பகுதிப் பெண்கள் சிலர் ஒரு மனுவோடு வருகிறார்கள். பக்கத்தில் சாக்கடைத் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது, பிள்ளைகளுக்கு நோய் வருகிறது, அதைத் தூர்த்து விளையாட்டுத் திடல் அமைத்துத் தாருங்கள் என்கிறார்கள். பொதுமக்கள் பிரிவு, பொதுப்பணிப் பிரிவுக்கு அனுப்புகிறது. அங்கிருந்து பூங்காப் பிரிவு, சுகாதாரப் பிரிவு என்று ஒவ்வொரு முகப்பாகச் சுற்றவிட்டு, கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடுகிறார்கள். ஒவ்வொரு அதிகாரியும் மரியாதையாகத்தான் பேசுகிறார். யாரும் கெட்டவர் இல்லை. அதுதான் பயங்கரம்.

வத்தனாபேவுக்கு நோய் தெரியவருகிறது. மருத்துவர் மறைக்கிறார், லேசான புண்தான் என்கிறார். ஆனால் காத்திருக்கும் இடத்தில் இன்னொரு நோயாளி, ‘புற்று என்றால் இப்படித்தான் சொல்வார்கள்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டதால் அவருக்குப் புரிந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து இருட்டில் உட்கார்ந்திருக்கும்போது, மகனும் மருமகளும் அவருடைய ஓய்வுப் பணத்தை வைத்து வீடு கட்டுவது பற்றிப் பேசிக்கொண்டே உள்ளே வருகிறார்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் விடுப்பே எடுக்காதவர், மறுநாளிலிருந்து அலுவலகம் போவதை நிறுத்திவிடுகிறார்.

மூன்று கதவுகள்

அதன்பின் அவர் வாழ்வதற்கு ஒரு காரணம் தேடுகிறார். மூன்று கதவுகளைத் தட்டுகிறார் என்று சொல்லலாம்.

முதல் கதவு கேளிக்கை. மதுக்கடையில் சந்தித்த ஓர் எழுத்தாளர் அவரை இரவு முழுக்க ஊர் சுற்றிக் காட்டுகிறார். சூதாட்டம், குடி, நடனம், ஒரு புதுத் தொப்பி. நடுவே வத்தனாபே தன் இளமைக் காலத்துப் பாட்டு ஒன்றைத் தாழ்ந்த குரலில் பாட, மொத்தக் கூடமும் அடங்கிப்போகிறது. விடியும்போது மிஞ்சுவது வாந்தியும் களைப்பும். குரோசாவா இதற்கு நீதிபோதனை எதுவும் செய்யவில்லை. அது போதவில்லை என்று காட்டுகிறார், அவ்வளவுதான். பள்ளி விடுமுறைக்கு லங்காவி போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை இரவு வயிறு கலங்கும் நம் அனுபவமும் அதுதானே.

இரண்டாவது கதவு மகன். மனைவியை இழந்த பிறகு மறுமணம் செய்யாமல், மகனுக்காகவே இப்படி உழைத்துச் செத்தேன் என்று வத்தனாபே நம்புகிறார். நம்மில் பலர் சொல்வதுதான்: “எல்லாம் பிள்ளைகளுக்காகத்தான் சார்.” இந்த நம்பிக்கையை உடைப்பது டோயோ என்ற இளம்பெண். அவருடைய பிரிவில் வேலை செய்தவள், எல்லாருக்கும் பட்டப்பெயர் வைத்தவள். வத்தனாபேவுக்கு அவள் வைத்த பெயர் ‘மம்மி’, பதப்படுத்தி வைத்த பிணம். அவர் மகனைக் குறைசொல்லும்போது அவள் வெடுக்கென்று கேட்கிறாள்: மம்மியாக இருக்கச் சொல்லி உங்கள் மகன் கேட்டானா?

இந்த இடம் எனக்குச் சுருக்கென்று தைத்தது. மகன் மேல் வைத்த பாசம் பொய்யில்லை. ஆனால் ‘மகனுக்காக’ என்ற காரணம், வேலையில் எதையும் மாற்றாமல் இருப்பதற்கு ஒரு சாக்காகவும் ஆகிவிட்டிருந்தது. பிள்ளைகளுக்காக வாழ்வது நல்ல காரணம்தான். அந்தக் கடனை மனசுக்குள் எழுதி வைத்து, பின்னால் பிள்ளைகளிடம் வசூல் செய்யப் பார்க்கும்போதுதான் வீட்டில் சண்டை வருகிறது.

மூன்றாவது கதவு டோயோவே. அவள் ஏன் இவ்வளவு உயிர்ப்போடு இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள அவள் பின்னாலேயே சுற்றுகிறார். அவளுக்கே சலிப்பும் பயமும் வந்துவிடுகிறது. கடைசிச் சந்திப்பில், ஓர் உணவகத்தில், கெஞ்சிக் கேட்கிறார். பெரிய தத்துவம் எதுவும் அவளிடம் இல்லை. வேலை செய்கிறேன், சாப்பிடுகிறேன், அவ்வளவுதான் என்கிறாள். பையிலிருந்து தன் தொழிற்சாலையில் செய்த பொம்மை முயலை எடுத்து மேசையில் ஓடவிடுகிறாள். இதைச் செய்யத் தொடங்கியதிலிருந்து நாட்டிலுள்ள எல்லாக் குழந்தைகளும் எனக்குச் சிநேகிதர் ஆனதுபோல் இருக்கிறது, நீங்களும் ஏதாவது செய்யலாமே என்கிறாள். என் அலுவலகத்தில் என்ன செய்ய முடியும் என்று தலைகவிழ்ந்தவர், சட்டென்று நிமிர்கிறார். முயலை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடுகிறார். எதிரே பிறந்தநாள் கொண்டாடும் ஒரு பெண் படியேறி வருகிறாள். தோழிகள் அவளுக்காகப் பாடும் பிறந்தநாள் பாட்டு இவருக்கும் சேர்த்தே ஒலிக்கிறது.

மறுநாள் அலுவலகம் போகிறார். அதே நாற்காலி, அதே குவியல். பெண்கள் கொடுத்த அந்த மனுவை மட்டும் கையில் எடுக்கிறார்.

தவறாகப் படிக்கும் முறை

இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். ஊக்கமூட்டும் பயிற்சிப் பட்டறைகளில் சொல்லப்படும் பாணியில் இதைச் சொன்னால், “பார்த்தீர்களா, அவர் வேலையை நேசிக்கத் தொடங்கினார், நீங்களும் இன்னும் கூடுதலாக அர்ப்பணியுங்கள்” என்று ஆகிவிடும். படம் அதைச் சொல்லவே இல்லை. வத்தனாபே எல்லாக் கோப்புகளையும் தீர்க்கவில்லை. அலுவலகத்தைத் திருத்தவும் இல்லை. குவியலிலிருந்து ஒரே ஒரு கோப்பை எடுத்தார். அதை நேரில் போய்ப் பார்த்தார், மழையில் நனைந்தார், மேலதிகாரிகளின் அறை வாசலில் வாய்பேசாமல் நின்றார், மிரட்ட வந்த அடியாட்களைப் பார்த்துச் சிரித்தார். எண்ணிக்கையில் பார்த்தால் அவர் செய்த வேலை முன்பைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். வித்தியாசம் என்னவென்றால், அந்தக் கோப்பின் மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தது.

முத்திரை குத்தும் வேலைக்கும் முயல் செய்யும் வேலைக்கும் உள்ள வேறுபாடு அதுதான். தொழிற்சாலையில் பொம்மை செய்வதும் சலிப்பூட்டும் வேலைதான், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான். ஆனாலும் அங்கே ஒரு குழந்தையின் கை தெரிகிறது. வருகைப் பதிவை நாலாவது முறையாக நிரப்பும்போது நமக்கு எந்தக் கையும் தெரிவதில்லை. அதனால்தான் ஆறு பாடவேளை நின்று கற்பித்ததைவிட அந்த அரை மணி நேரம் நம்மைக் களைப்பாக்குகிறது.

படத்தின் குறை

இனி அந்த ஆசிரியையின் கேள்வி. அவர் சொன்னது சரி. வத்தனாபேவின் துணிச்சலில் பாதி, சாவு கொடுத்த துணிச்சல். அடியாட்கள் உயிரை எடுப்பேன் என்றால் அவருக்கு இழக்க என்ன இருக்கிறது? பிறரைக் கோபித்துக்கொள்ளக்கூட எனக்கு நேரமில்லை என்கிறார். நேரம் இல்லாததே அவருக்கு விடுதலை ஆகிவிடுகிறது. நமக்கு நேரம் நிறைய இருக்கிறது, பதினெட்டு வருஷம். அந்தச் சூட்டிலேயே பதினெட்டு வருஷம் எரிய முடியாது. எரிந்தால் சாம்பல்தான் மிஞ்சும்.

இரண்டாவது குறை, அவருடைய மௌனம். நோயை மகனிடம் சொல்லவே இல்லை. சொல்ல நினைக்கும்போதெல்லாம் நழுவிப்போகிறது. முன்பின் தெரியாத எழுத்தாளரிடம் சொல்கிறார், டோயோவிடம் சொல்கிறார், வீட்டில் மட்டும் இல்லை. படம் இந்த மௌனத்தைக் கொஞ்சம் உயர்த்தியே காட்டுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. மகன் பொல்லாதவன் இல்லை, அவனுக்கு வாய்ப்பே கொடுக்கப்படவில்லை. நம் வீடுகளிலும் “அவங்களுக்கு எதுக்குச் சிரமம்”னு சொல்லாமலேயே விழுங்கும் பழக்கம் இருக்கிறது. ஆசிரியர்களுக்கு அது இன்னும் அதிகம். நாம்தானே பிறருக்குத் தைரியம் சொல்கிறவர்கள்!

மூன்றாவது குறையில்தான் அந்தக் கேள்விக்கான பதிலும் ஒளிந்திருக்கிறது. டோயோவைப் படம் பாதியிலேயே விட்டுவிடுகிறது. உணவகக் காட்சிக்குப் பிறகு அவள் வருவதே இல்லை, இறுதிச் சடங்கில்கூட இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்: இந்தப் படத்தில் நோயில்லாமல், சாவின் பயமில்லாமல், முழுசாக வாழ்கிற ஒரே ஆள் அவள்தான். அவள் என்ன செய்தாள்? அந்த அலுவலகம் தன்னைக் கொல்கிறது என்று தெரிந்ததும் பணி விலகினாள். வத்தனாபேவை அவள் முதலில் தேடி வந்ததே, விலகல் கடிதத்தில் அவருடைய முத்திரை வேண்டும் என்பதற்காகத்தான்!

ஆக, படம் இரண்டு வழிகளைக் காட்டுகிறது. அதே நாற்காலியில் இருந்துகொண்டு ஒரு கோப்பை எடுப்பது ஒரு வழி. நாற்காலியை விட்டு எழுந்து போவது இன்னொரு வழி. இரண்டும் வாழ்தல்தான். விருப்பப் பணி ஓய்வு பெறும் ஆசிரியரைப் பார்த்து “தமிழ்ப் பற்று இல்லாதவர்” என்று முணுமுணுப்பவர்கள் டோயோவை இன்னொரு முறை பார்க்க வேண்டும். வேலை நம் வாழ்க்கையில் ஒரு பகுதி. அதில் வழி அடைத்துவிட்டால், அடைபட்டது அந்த வேலைதான். வாழ்க்கை அடைபட்டுவிட்டதாகத் தோன்றுவது, களைத்த மனசு போடும் தப்புக் கணக்கு.

துக்க வீடு

படத்தின் அமைப்பில் குரோசாவா செய்த துணிச்சலான காரியம், கதாநாயகனைப் பாதியிலேயே சாகடித்தது. ஐந்து மாதம் கழித்து அவர் இறந்துவிட்டார் என்று குரல் சொல்கிறது. மிச்சப் படம் துக்க வீட்டில் நடக்கிறது. திடல் கட்டிமுடிந்த பெருமையைத் துணை மேயர் எடுத்துக்கொண்டார். உடன் வேலை செய்தவர்கள் குடித்தபடி, அவர் ஏன் அப்படி மாறினார் என்று வாதாடுகிறார்கள். நடுவே அந்தக் குடியிருப்புப் பெண்கள் வருகிறார்கள். ஒரு வார்த்தை பேசாமல் ஊதுபத்தி ஏற்றி அழுகிறார்கள். துணை மேயரால் அதன்பிறகு அங்கே உட்கார முடியவில்லை. யார் கட்டிய திடல் என்ற கேள்விக்கு அந்த அழுகைதான் பதில். பிறகு ஒரு காவலர் வந்து, பனி கொட்டிய அந்த இரவில் அவர் திடலின் ஊஞ்சலில் ஆடிக்கொண்டு நிம்மதியாகப் பாடியதைப் பார்த்தேன் என்கிறார்.

எல்லாரும் அழுது, இனி நாங்களும் அப்படியே வேலை செய்வோம் என்று சபதம் செய்கிறார்கள். மறுநாள் அலுவலகத்தில் புதிய தலைவர் ஒரு மனுவை வழக்கம்போல் வேறு பிரிவுக்குத் தள்ளுகிறார். கிமுரா என்ற ஊழியர் மட்டும் நாற்காலி சாய எழுந்து நிற்கிறார். எல்லாரும் அவரைப் பார்க்கிறார்கள். மெல்ல உட்கார்கிறார். காகிதக் குவியல் அவர் முகத்தை மறைக்கிறது.

இந்த முடிவுக்காகவே படத்தை மதிக்கிறேன். பொறியைக் கட்டியது ஓர் அமைப்பு, அதைத் தனிமனிதன் மட்டும் திருத்த முடியாது என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. அப்படியானால் ஆசிரியர் மனச்சோர்வுக்கு யோகா வகுப்பு மட்டும் மருந்தாகாது. ஒரே தகவலை நாலு இடத்தில் பதியும் நிலையைக் குறைக்கச் சொல்வது சங்கத்தின் வேலை. பத்து மணிக்குப் புலனத்தில் செய்தி அனுப்பாமல் இருப்பது நிருவாகத்தின் வேலை. கிமுரா எழுந்தபோது இன்னும் இரண்டு பேர் எழுந்திருந்தால் அவர் உட்கார்ந்திருக்க மாட்டார்.

2022-இல் இந்தக் கதை ‘லிவிங்’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் வந்தது. கதை 1950-களின் இலண்டனில் நடக்கிறது. திரைக்கதை கசுவோ இஷிகுரோ, நடிப்பு பில் நைய். அதில் முதியவர் இளம் ஊழியருக்கு ஒரு கடிதம் விட்டுச் செல்கிறார். குரோசாவாவின் கசப்பு அதில் குறைவு. நீளமும் குறைவு என்பதால் நேரமில்லாதவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

வகுப்பறைக்கு

படம் முழுவதையும் மாணவர்களுக்குக் காட்ட வேண்டாம், இரவுக் கேளிக்கைக் காட்சிகள் அவர்களுக்கு உகந்தவை அல்ல. பெண்களின் மனு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றும் காட்சி சில நிமிடம்தான். இடைநிலைப்பள்ளி மேல்வகுப்புகளில் அதைக் காட்டி, அந்தப் பெண்களின் சார்பில் புகார்க் கடிதம் எழுதச் சொல்லலாம். ஆறாம் படிவத்தில் துக்க வீட்டுப் பகுதியை எடுத்து, ஒரே மனிதரைப் பல வாய்கள் எப்படிப் பல விதமாகச் சொல்கின்றன என்று நோக்குநிலையைக் கற்பிக்கலாம்.

அந்த ஆசிரியையைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதினேன். அவர் வேலையை விடவில்லை. அற்புதம் எதுவும் நடக்கவும் இல்லை. வீட்டில் கணவரிடம் முதன்முறையாக எல்லாவற்றையும் சொன்னாராம், மருத்துவரையும் பார்த்தாராம். தலைமையாசிரியரிடம் பேசி ஒரு பொறுப்பைக் குறைத்துக்கொண்டு, வாசிக்கச் சிரமப்படும் ஐந்து பிள்ளைகளைச் செவ்வாய்தோறும் ஒரு மணி நேரம் நூலகத்தில் வைத்துக்கொள்கிறார். “பதினெட்டு வருஷத்த நான் இப்ப எண்ணுறதில்ல சார். செவ்வாய்க்கிழமைய மட்டும் எண்ணுறேன். முடியலன்னா டோயோ மாதிரி கெளம்பிடுவேன், அதுவும் இருக்கு” என்றார். நான் இந்த முறை அறிவுரை எதுவும் சொல்லவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது ‘எதுக்கு இருக்கோம்’ என்ற எண்ணம் அடிக்கடி வருகிறது என்றால், வத்தனாபேபோல் இருட்டில் தனியாக உட்காராதீர்கள். வீட்டில் ஒருவரிடம், பக்கத்து மேசை ஆசிரியரிடம், மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மலேசியாவில் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, சிங்கப்பூரில் எஸ்.ஓ.எஸ். 1767. இரண்டும் இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். பக்கத்து மேசைக்காரர் அப்படிச் சொன்னால், நான் செய்ததுபோல் உடனே படம் பார்க்கச் சொல்லிவிட்டு நகராதீர்கள். முதலில் அவரோடு போய் ஒரு தே தாரேக் குடியுங்கள். படம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.